ஒட்ட வெட்டியும் படர்கிறதே, அது என்ன களை? ராமநாதபுரம் கடலோரப் புல்தரைகளுக்கான கேள்வி பதில்

கடலோரத்தில் புல்தரை வைத்திருப்பவர்கள், அது வீட்டு முற்றமோ தங்கும் விடுதியோ பள்ளி மைதானமோ, பெரும்பாலும் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்கிறார்கள். "என்னமோ ஒண்ணு படர்ந்துக்கிட்டே போகுது, அது என்ன? அதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?" முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் இரண்டாவதற்குப் போகக் கூடாது என்பது என் கட்சி. தேவிபட்டினம், உச்சிப்புளி, மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, சாயல்குடிப் பக்கத்து மணலையும் உப்புத் தண்ணீரையும் காற்றையும் மனதில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். வேறு மண்ணில் இருப்பவர்களுக்குப் பாதிதான் பொருந்தும்.

வாரா வாரம் வெட்டுறோம். அப்புறமும் ஒரு களை எப்படித் தப்பிக்குது?

வெட்டுவதால்தான் தப்பிக்கிறது. மெஷினின் பிளேடு தரைக்கு ஓர் அங்குலம் மேலே ஓடுகிறது. குப்பைமேனி, நாயுருவி போல நிமிர்ந்து வளர்பவை தலையை இழந்து, விதை வைக்க வழியில்லாமல் நாளடைவில் ஓய்ந்துவிடும். அரை அங்குல உயரத்தில் படுத்தே கிடக்கும் பூண்டை பிளேடு தொடுவதே இல்லை. அதற்குப் போட்டியாக இருந்த உயரமான செடிகளையும் நீங்களே வெட்டிக் கொடுத்துவிடுகிறீர்கள்.

புல்லின் பக்கமும் பாருங்கள். ஒட்ட வெட்டிய அருகம்புல்லுக்கு இலைப்பரப்பு குறைகிறது. இலை குறைந்தால் வேர் ஆழம் போகாது. மேலோட்டமான வேரோடு கச்சான் காற்றையும் வைகாசி வெயிலையும் தாங்க முடியாமல் அங்கங்கே திட்டுத் திட்டாக மண் தெரிய ஆரம்பிக்கும். வெளிச்சம் பட்டால் முளைக்கும் சிறு விதைகளுக்கு அந்தத் திட்டு போதும். ஆக, உங்கள் லானில் எந்தக் களை இருக்க வேண்டும் என்பதை பாதிக்கு மேல் தீர்மானிப்பது மெஷினை எந்த உயரத்தில் வைக்கிறீர்கள் என்பதுதான்.

பூவும் இல்லை காயும் இல்லை. வெறும் இலையை வைத்து எப்படி அடையாளம் காண்பது?

பூக்க விடுங்கள். களை அடர்ந்த ஓர் இடத்தில் ஒரு பழைய லாரி டயரைப் போட்டு, அதற்குள் மட்டும் மூன்று நான்கு வாரம் மெஷின் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் அது முடியாது என்றால் வேரோடு ஒரு பிடியைத் தோண்டித் தொட்டியில் வைத்துத் தண்ணீர் விடுங்கள். இப்படி அவகாசம் கொடுத்தால் பெரும்பாலான படர்பூண்டுகள் பூத்துத் தாங்களே பெயரைச் சொல்லிவிடும்.

அதுவரைக்கும் பூ இல்லாமலே பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது. ஒரு தண்டைப் பிடித்து மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். ஒரே இடத்தில் ஆணிவேர் இருந்து, மற்றதெல்லாம் பாய் விரித்ததுபோல் எழுந்து வருகிறதா? அல்லது கணுவுக்குக் கணு வேர் பிடித்து, 'டப் டப்' என்று அறுந்து வருகிறதா? இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே வைத்தியம் பாதி முடிவாகிவிடும். ஆணிவேர்க்காரனைப் பிடுங்கி முடிக்கலாம். கணுவேர்க்காரனை அரைகுறையாகப் பிடுங்கினால், விட்டுப்போன துண்டு ஒவ்வொன்றும் தனிச் செடியாகிவிடும்.

அடுத்து, தண்டைக் கிள்ளுங்கள்: பால் வருகிறதா? இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறி மாறியா? எதிரெதிர் இலைகள் ஒரே அளவா, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமா? விளிம்பில் பல் இருந்தால் அது இலை முழுக்கவா, நுனிப் பாதியில் மட்டுமா? இலை தடித்துச் சாறு நிறைந்ததா? இவ்வளவையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வாயில் போட்டுச் சுவை பார்ப்பது மட்டும் வேண்டாம். அந்தத் தரையில் யார் எப்போது என்ன தெளித்தார்கள் என்று நமக்குத் தெரியாது.

புல்லா, கோரையா, பூண்டா? இதைக்கூடப் பிரிக்கத் தெரியவில்லை.

தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள். முக்கோணமாக, விளிம்பு விரலில் தட்டுப்பட்டு உருளாமல் நின்றால் அது கோரை வகை. அதன் இலைகளும் மேலிருந்து பார்த்தால் மூன்று திசையில் பிரியும். உருண்டையாகவோ தட்டையாகவோ இருந்து நடுவில் கணு தெரிந்தால் அது புல். இலை அகலமாக, வலைப்பின்னல் நரம்போடு இருந்தால் பூண்டு. ஒன்றுக்கு அடிக்கும் மருந்து பெரும்பாலும் மற்றதில் வேலை செய்யாது. மருந்துக்கடையில் பணம் வீணாவதில் பெரும்பகுதி இந்தக் குழப்பத்தால்தான்.

படம் எடுத்து செயலியில் போட்டால் பெயர் வந்துவிடாதா?

பூவோடு எடுத்தால் பெரும்பாலும் வரும். கூகுள் லென்ஸ், பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் எல்லாமே பூவையும் காயையும் வைத்துத்தான் நன்றாகச் சொல்கின்றன. ஒட்ட வெட்டிய லானில் நின்றபடி மேலிருந்து எடுத்த பச்சைப் படத்துக்கு அவை சொல்லும் பதிலை நம்ப வேண்டாம். குனிந்து, ஒரு தண்டைத் தனியே எடுத்து, வெள்ளைத் தாளில் வைத்து எடுங்கள். இலையின் மேல்புறம், அடிப்புறம், கணு, வேர் என நான்கு படம், பக்கத்தில் அளவுக்கு ஒரு நாணயம். மனிதர்களிடம் அனுப்பினாலும் இதே நான்கு படந்தான் வேண்டும்.

சின்ன இலை, நுனியில் மட்டும் பல், கணுவுக்குக் கணு வேர். தரையோடு தரையாகப் போகிறது. இதுதான் எங்க லானில் பாதி.

பொடுதலை. இந்தக் கடலோரத்தில் "தெரியாத களை" என்று கொண்டுவரப்படுவதில் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன். தாவரவியலில் பைலா நோடிஃப்ளோரா. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுகிறார்களே, அதே செடி. வயல் வரப்பிலும் ஊருணிக் கரையிலும் பார்த்தால் பாட்டிமார் சட்டென்று சொல்லிவிடுவார்கள். லானில் வெட்டுப்பட்டு, இலை சுருங்கி, பூ இல்லாமல் கிடக்கும்போது அவர்களுக்கே அடையாளம் தெரியாது.

உறுதிப்படுத்த இலையைப் பாருங்கள். காம்புப் பக்கம் ஆப்புபோல் குறுகி, நுனிப் பக்கம் அகன்று, அந்த அகன்ற பாதியில் மட்டும் பல் வெட்டு இருக்கும். இலைகள் எதிரெதிர். சற்றுத் தடிப்பு. பால் வராது. டயருக்குள் பூக்க விட்டால் இலைக்கக்கத்திலிருந்து நீளமான ஒற்றைக் காம்பு எழும்பும். அதன் முனையில் கரும் ஊதா நிறத்தில் சிறு குமிழ், அதைச் சுற்றி வளையமாக வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பொடிப் பூக்கள். குமிழ் மேலே நீள நீளப் பூவளையமும் மேலே ஏறும். தேனீயும் சிறு பட்டாம்பூச்சியும் மொய்க்கும். இதைப் பார்த்துவிட்டால் வேறு செடியோடு குழப்பமே வராது.

இது ஏன் இங்கே இப்படிக் கொழிக்கிறது? உப்பைத் தாங்கும். சில நாள் தண்ணீர் தேங்கினாலும் சாகாது, மாதக்கணக்கில் மழை இல்லாவிட்டாலும் வேர் உயிர் பிடித்திருக்கும். மிதிபடுவதையும் வெட்டுப்படுவதையும் பொருட்படுத்தாது. ஐப்பசி கார்த்திகையில் மழையெல்லாம் கொட்டித் தீர்ந்து, பிறகு மாதக்கணக்கில் காயும் சீமைக்கு இதைவிடப் பொருத்தமான தரைமூடி கிடையாது. மெஷின் வெட்டித் தெறிக்கும் கணுத் துண்டுகளும் ஈரம் கிடைத்தால் வேர் விடும்.

எடுக்கத்தான் வேண்டும் என்றால், மழைக்குப் பிறகு மண் நெகிழ்ந்திருக்கும்போது களைக்கொத்தியால் இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்குப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி எடுங்கள். அறுந்த துண்டுகளைப் பொறுக்குங்கள். எடுத்ததைக் குப்பைக்குழியில் போடாமல் சிமெண்டுத் தரையிலோ தகரத்திலோ பரப்பிச் சருகாகக் காயவிடுங்கள். வெறுமையான இடத்தில் அன்றைக்கே அருகம்புல் கரணை நட்டு மூடுங்கள். மண்ணைத் திறந்து விட்டால் அடுத்த விருந்தாளி வந்துவிடும். சித்திரை வைகாசியில் ஒரு பெரிய திட்டு முழுவதையும் அழித்துப் புதிதாக ஆரம்பிக்க நினைத்தால், தண்ணீர் விட்டு, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளை இறுக்கமாக மூடி, ஓரத்தை மண்ணால் அழுத்தி, நான்கு முதல் ஆறு வாரம் வெயிலில் வேகவிடலாம். அடியில் இருக்கும் புல்லும் சேர்ந்துதான் சாகும்.

என் சொந்தக் கருத்து ஒன்று. கிணற்றில் உப்புத் தண்ணீர் மட்டுமே உள்ள வீட்டில், குழந்தைகள் உருண்டு விளையாட ஒரு பச்சைத் தரை வேண்டும் என்றுதானே புல் வளர்க்கிறீர்கள்? பொடுதலையே அந்தத் தரையாக இருக்கட்டும். சில நாடுகளில் புல்லுக்குப் பதிலாக இதையே விரும்பி நடுகிறார்கள். பூக்கும் காலத்தில் தேனீ வரும் என்பதால் வெறுங்காலோடு நடக்கையில் கவனம் வேண்டும், அவ்வளவுதான். கிரிக்கெட் மைதானத்துக்கு இந்த யோசனை ஆகாது. பந்து எழும்பாது, ஓடுகிறவனுக்கும் வழுக்கும்.

கிள்ளினால் பால் வருது. ரெண்டு மூணு வகை இருக்கிற மாதிரி தெரியுதே?

இருக்கிறது. சிவந்த நூல் போன்ற தண்டு, தரையோடு ஒட்டிய பொடி இலைகள், நடுவில் ஓர் ஆணிவேர் என்றால் சித்திரப்பாலாடை. அதைவிடப் பெரிதாக, ரோமம் அடர்ந்து, இலை நடுவில் சில நேரம் கருஞ்சிவப்புக் கறையோடு, கக்கத்தில் உருண்டையாகப் பூங்கொத்து வைத்தால் அம்மான் பச்சரிசி. இரண்டும் நல்ல ஈரத்தில் சுலபமாகப் பிடுங்க வரும். விதை விழுவதற்கு முன் எடுத்தால் போதும். கடற்கரையை ஒட்டிய மணலில் மூன்றாவது ஒன்று உண்டு: ஓடுதண்டு விட்டு, அங்கங்கே ரோஜாப் பூப்போல் இலைக்கொத்து வைத்து, மஞ்சள் பூப் பூக்கும் எழுத்தாணிப்பூண்டு. இதன் ஓடுதண்டையும் தேடி எடுக்க வேண்டும்.

பால் கண்ணில் படக்கூடாது. பிடுங்கிய கையோடு கண்ணைக் கசக்கும் பிள்ளைகளை இந்த வேலைக்கு அனுப்பாதீர்கள்.

கீரை மாதிரி தடிச்ச இலை. பால் இல்லை.

தரைப்பசலை அல்லது சாரணை அல்லது மூக்கிரட்டை. தரைப்பசலைக்கு வழுவழுப்பான சிவந்த தண்டு, மஞ்சள் பூ. சாரணையிலும் மூக்கிரட்டையிலும் ஒரு கணுவில் உள்ள இரண்டு இலைகளில் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கும். சாரணையின் பூ இலைக்கக்கத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். மூக்கிரட்டையின் பூ நீண்ட, கிளைத்த காம்பில் வெளியே நிற்கும், காய் வேட்டியில் ஒட்டும், கீழே தடித்த வேர் ஆழமாகப் போகும். அந்த வேரின் தலையை விட்டு மேலே மட்டும் அறுத்தால் திரும்ப வரும்.

மூணு மூணா இலை. புளியாரைதானே?

இலையின் ஒவ்வொரு துண்டும் நுனியில் நன்றாகப் பிளந்து இதய வடிவில் இருந்தால், பூ மஞ்சளாக இருந்தால் புளியாரை. அது நிழலும் ஈரமும் உள்ள இடத்தில், தென்னை மரத்தடியில், குழாயடியில்தான் இங்கே நிற்கும். வெட்டவெளி மைதானத்தில், அதைவிடச் சிறிய மூவிலையோடு, கம்பி போன்ற தண்டில், ஊதாப் பூவோடு இருந்தால் அது சிறுபுள்ளடி. அவரைக் குடும்பம், காய் துண்டு துண்டாகக் கண்ணி வைத்திருக்கும். வேர் முடிச்சில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துவைப்பதால், உரம் போடாத லானில் புல் வெளிறிக் கிடக்கும்போது இது மட்டும் பச்சையாகத் தெரியும். அந்த நிறவேறுபாடே புல்லுக்குத் தழைச்சத்துப் பற்றாக்குறை என்பதற்கு அடையாளம். புல்லுக்கு உரம் கொடுத்து வெட்டும் உயரத்தைக் கூட்டினால் சிறுபுள்ளடி தானாகவே அடங்கும்.

பிள்ளைங்க காலில் முள் ஏறுது. சைக்கிள் டயர்கூட பஞ்சர்.

நெருஞ்சி. எதிரெதிரான சிறகிலை, ஐந்து இதழ் மஞ்சள் பூ, காய்ந்தால் ஐந்து துண்டாக உடையும் முள்காய். ஒவ்வொரு துண்டும் எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேலே பார்க்கும்படி அமைந்திருப்பதுதான் தொல்லை. மழைக்குப் பிறகு முளைத்து, சீக்கிரமே காய்த்து, காய்ந்துபோகும் ஓராண்டுச் செடி இது. ஆணிவேர் ஒன்றுதான். அதனால் பூ தெரிந்த வாரத்திலேயே ஒரு சுற்று நடந்து, வேரின் தலையோடு கிள்ளி எடுத்தால் அந்த ஆண்டுக் கணக்கு முடியும். காய் உதிர்ந்த பிறகு வந்து மருந்து கேட்பவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. முள் மண்ணில் கிடக்கிறது, விதை அதற்குள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஈரச் சாக்கை விரித்துத் தரையில் அழுத்தி இழுத்தால் முள் சாக்கில் ஏறிக்கொள்ளும். மைதானத்துக்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

பூ மஞ்சளாக இல்லாமல், கணுவில் வைக்கோல் நிற முள்குஞ்சம் இருந்தால் அது நெருஞ்சி இல்லை. பொன்னாங்கண்ணிக் குடும்பத்துப் படர்முள், தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. கணுவிலும் வேர் விடும், கீழே தடித்த வேரும் வைக்கும். தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

வெட்டின ரெண்டாம் நாளே ஈட்டி மாதிரி மேலே நிக்குது.

கோரை. புல்லைவிட வேகமாக நிமிர்வதே அதன் முதல் அடையாளம். பளபளப்பான கரும்பச்சை இலை, முக்கோணத் தண்டு. கீழே நூல் கோத்த மணியாகக் கருங்கிழங்குகள், மோந்தால் வாசனை வரும். நாட்டுமருந்துக் கடையில் விற்கும் கோரைக்கிழங்கு இதுவே.

கையால் பிடுங்குவது வீண். தண்டு அறுந்துவரும், சங்கிலியில் தூங்கிக்கொண்டிருந்த அடுத்த கிழங்கு விழித்துக்கொள்ளும். ஆனால் நம் ஊர் மணலில் களிமண் பூமிக்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. கிழங்கில் பெரும்பகுதி முதல் அரையடிக்குள்தான் இருக்கும். சிறிய திட்டு என்றால் மண்ணை வெட்டி, கொத்தனார் மணல் சலிக்கும் சல்லடையில் சலித்துவிடலாம். பெரிய இடத்தில் கோடையில் மண்ணைப் புரட்டிப் போட்டால், வெயிலில் வற்றி நிறையக் கிழங்கு செத்துப்போகும். புரட்டிய பிறகு தண்ணீர் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வெள்ளை உருண்டைத் தலையும் அதன் கீழே மூன்று நீண்ட இலையுமாக ஒரு குட்டைக் கோரையும் வரும். அதற்குக் கிழங்கு இல்லை, தரையடியில் ஓடும் மட்டத்தண்டு மட்டும். அது நிற்கும் இடத்தில் குழாய் கசிகிறதா என்று முதலில் பாருங்கள்.

புல்லுக்குள்ளயே வேற புல் இருக்கு. அதை எப்படிப் பிரிக்கிறது?

கதிரைப் பாருங்கள். நான்கைந்து குட்டை விரல்கள் ஒரே இடத்திலிருந்து விரிந்து, ஒவ்வொரு விரல் நுனியிலும் மணி இல்லாத ஊசிமுனை நீட்டிக்கொண்டிருந்தால் காக்காய்க்கால் புல். மணற்பாங்கான எல்லா இடத்திலும் வரும், கணுவில் வேர் பிடிக்கும். அடித்தண்டு வெளுத்துத் தட்டையாகி, இழுத்தால் கையே வலிக்கிற அளவுக்குப் பிடிவாதமாக நிற்பது கேழ்வரகின் காட்டுச் சொந்தக்காரன். ஆள் நடந்து நடந்து இறுகிப்போன ஓரங்களில் பாருங்கள்.

கதிர் இரண்டே இரண்டாக, வி எழுத்துப்போல் பிரிந்து, உவர் தேங்கும் தாழ்வான மூலையில் அடர்ந்திருந்தால் பிடுங்காதீர்கள். அது கடலோரப் பாஸ்பாலம். உலகில் பல கடற்கரைக் கோல்ஃப் மைதானங்களில் காசு கொடுத்து நடுகிற புல் அது.

நடுவில் குட்டிக் குட்டியா முள்செடி முளைக்குது.

சீமைக்கருவேலம். ஆட்டெரு போட்ட இடம் என்றால் சந்தேகமே வேண்டாம், ஆடு தின்ற காயின் விதை எருவோடு வருகிறது. மெஷினால் வெட்டினால் தூரிலிருந்து நான்காகக் கிளைக்கும். தரைமட்டத்துக்குக் கீழே உள்ள வேர்த்தலையைத் தோண்டி எடுத்தால்தான் தீரும். விரல் தடிமனாகும் முன்பே செய்யுங்கள்.

எங்க விடுதி கடற்கரையிலயே. ஊதாப் பூக்கொடி லானுக்குள் நுழையுது.

மான் குளம்புபோல் பிளந்த இலை என்றால் அடும்பு. லானுக்குள் வந்த நுனியை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். வேலிக்கு அப்பால் இருப்பதைத் தொடாதீர்கள். அடும்பும் ராவணன் மீசையும்தான் மணலைப் பிடித்து வைக்கின்றன. அவற்றை வழித்துவிட்டால் அடுத்த கச்சானில் மணல் உங்கள் லானை மூடும்.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது? முந்தி இல்லையே.

வண்டியில் வந்திருக்கும். லானுக்கு அடியில் கொட்டிய செம்மண், கண்மாயிலிருந்து அள்ளிய வண்டல், மக்காத எரு, நர்சரியிலிருந்து சுருட்டி வந்த புல்பாய், நான்கிலுமே களை வரும். கண்மாய் வண்டலோடு கோரையும் பொடுதலையும் செருப்படையும் வருவது வழக்கம். புல்பாய் வாங்கும்போது ஒரு சுருளைத் திருப்பி அடிமண்ணைப் பாருங்கள். கருங்கிழங்கு ஒன்று கண்ணில் பட்டாலும் அந்த லோடை இறக்க விடாதீர்கள்.

பலரும் யோசிக்காத வழி இன்னொன்று, வாடகை மெஷின். ஓர் இடத்தில் வெட்டிவிட்டு அப்படியே அடுத்த இடத்துக்கு வருகிறார்கள். கூண்டுக்குள் ஒட்டிய ஈரப்புல்லில் பொடுதலைக் கணு, காக்காய்க்கால் விதை எல்லாம் பயணம் செய்கின்றன. வாசலிலேயே நிறுத்தி, "தம்பி, கழுவிட்டு உள்ள கொண்டா" என்று சொல்வதில் தப்பில்லை.

காற்றில் வருவதைத் தடுக்க முடியாது. வெட்டுக்காயப் பூண்டின் குஞ்சம் வைத்த விதை கச்சானில் ஊர் விட்டு ஊர் பறக்கும்.

உப்பைக் கரைச்சு ஊத்தினா களை செத்துடும்னு சொல்றாங்களே?

இங்கே வேண்டவே வேண்டாம். இந்தக் கடலோரத்துக் களைகளில் பாதி, உப்போடு வாழப் பழகியவை. நீங்கள் ஊற்றும் உப்பில் முதலில் சாவது புல். பிறகு அந்த இடத்தில் உமரி முளைக்கும், அதற்கு அது சொந்த வீடு. வினிகர் இளஞ்செடியின் இலையைக் கருக்கும், கிழங்கையும் கணுவேரையும் ஒன்றும் செய்யாது.

சரி, களைக்கொல்லி?

கடைசியாக, பெயர் உறுதியான பிறகு, வேளாண் அலுவலரிடம் கேட்டு. கிளைபோசேட் புல், பூண்டு என்று பார்க்காமல் எல்லாப் பச்சையையும் கொல்லும், லானுக்கு நடுவே அடிக்கிற பொருளே அல்ல. 2022 அக்டோபரில் மத்திய அரசு அதன் பயன்பாட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்களுக்குள் கட்டுப்படுத்தி ஆணையும் பிறப்பித்தது. 2,4-டி அகல இலைப் பூண்டுகளைக் கொன்று புல்லை விட்டுவைக்கும். கோரைக் கிழங்கை அது தீர்க்காது. அதோடு, அதன் எஸ்டர் வகை ஆவியாகிக் காற்றில் நகரும். பருத்திக்கு அதன் வாடை பட்டாலே இலை சுருண்டுவிடும், மிளகாய்க்கும் ஆகாது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாய் பக்கத்துப் புன்செயில் நிற்கும்போது, காற்று ஓயாத இந்த மாவட்டத்தில் லான் அழகுக்காக அதைத் தெளிப்பது நியாயமில்லை.

தண்ணீர் விஷயமும் இருக்கிறது. ராமேஸ்வரம் தீவில், தனுஷ்கோடிப் பக்கம், மணலைச் சில அடி தோண்டி ஊறும் நல்ல தண்ணீரைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மணலில் மேலே ஊற்றியது சீக்கிரமே கீழே போய்விடும். கடல் பக்கம் இறங்கினால் 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகள். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் வீட்டு லானுக்குக் களைக்கொத்தியே போதும் என்பேன்.

எந்த உயரத்தில் வெட்டணும்?

அருகம்புல்லை ஓர் அங்குலத்துக்குக் குறையாமல், கோடையில் ஒன்றரை. அகல இலை பஃபலோ புல்லை இரண்டு அங்குலத்துக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. தண்ணீரைத் தினம் தெளிக்காமல், இடைவெளி விட்டு ஆழமாக நனையும்படி விடுங்கள். தினத் தெளிப்பு மேல்மண்ணில் உப்பைப் படியவைக்கும், களை விதையையும் முளைக்கவைக்கும். வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் களையை மறந்துவிட்டு முதலில் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் பெயர் தெரியலை. யாரிடம் காட்டுவது?

பூ, காய், வேர் மூன்றும் உள்ள ஒரு செடியைப் பழைய செய்தித்தாளுக்குள் விரித்து, மேலே கனமான புத்தகம் வைத்து, தினமும் தாளை மாற்றி உலர்த்துங்கள். ஊர், தேதி, மண், பூவின் நிறம் எழுதி வையுங்கள். காய்ந்த பிறகு நிறம் மாறிவிடும். பிளாஸ்டிக் பையில் போட்டு வெயிலில் கொண்டுபோனால் கூழாகத்தான் போய்ச் சேரும். ராமநாதபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையமும் கடலோர உவர் ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் துறையும் உதவும். அங்கேயும் தீராவிட்டால் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரகம், அல்லது கோவையில் இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையின் தென்மண்டல மையம்.

பிடுங்கின பொடுதலையில் எண்ணெய் காய்ச்சலாமா?

மருந்து எதுவும் தெளிக்காத, நாய் அசிங்கம் பண்ணாத உங்கள் சொந்த முற்றம் என்றால் சரி. மைதானத்திலும் விடுதி லானிலும் பறித்தது வேண்டாம். அதற்கு ஊருணிக் கரைப் பொடுதலையே மேல், அதையும் நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள்.